11 வருடமாக மேடையில் மொழிபெயர்க்கிறேன். நிறுத்தினால் வரத்தைப் புதைத்ததாகுமா?

எல்லைக்கல் | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. எங்கள் சபை அந்த நின்ற பக்கத்தில் இருக்கிறது. பாட்டா, பாட்டி வயதுக்காரர்கள் தமிழ் வேதாகமத்தைத்தான் மடியில் வைத்திருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்து வாசிக்க வராது. வருகிற அச்சன்மார் (போதகரை இங்கே அச்சன் என்றுதான் சொல்வோம்) பெரும்பாலும் மலையாளத்தில் பிரசங்கிப்பார்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமிருந்து யாராவது வந்தால் தமிழ். யார் எந்த மொழியில் பேசினாலும் பக்கத்தில் நின்று மற்ற மொழியில் சொல்கிறவன் நான். 11 வருடமாக.

ஞாயிறு ஆராதனை, வியாழன் வீட்டு ஜெபம், மாதத்தின் முதல் வெள்ளி உபவாச ஜெபம், வருடத்துக்கு 4 இரவு கன்வென்ஷன், நடுவில் கல்யாணம், அடக்கம். அரை மணி நேரப் பிரசங்கம் மொழிபெயர்ப்போடு ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு வேலை ரப்பர் பால்வெட்டு. விடியற்காலை 3 மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் 300 மரத்துக்கு மேல் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க மதியமாகும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 2 வருடமாகிறது. படுக்கைதான். போன கன்வென்ஷனில் 4 இரவும் நான் மேடையில் நின்றேன். வீட்டில் என் மனைவி ஒருத்தியாக அம்மாவைப் புரட்டிப் போட முடியாமல் விட்டதில் இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி இரவு நான் வந்தபோது 11.30 மணிக்குக் கிணற்றடியில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டரோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கமிட்டியில் சொன்னேன். மூத்தவர் ஒருவர், "தாலந்தை மண்ணில் புதைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று வாசித்திருக்கிறாய் அல்லவா?" என்றார். எஜமான் ஒப்படைத்த பணத்தைப் பெருக்காமல் புதைத்து வைத்துத் தண்டனை வாங்கிய வேலைக்காரனைப் பற்றி இயேசு சொன்ன உவமை அது. அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. நான் கேட்பது இதுதான்: வரம் தேவன் தந்தது என்றால், அதை நிறுத்த எனக்கு உரிமை உண்டா? பலி என்றால் வலிக்கத்தானே செய்யும்?

நெடுவிளை அக்கா | ஞாயிறு இரவு 10.15

தம்பி, முதலில் மாற்கு 7-ஆம் அதிகாரம் எடுத்து வாசி. "கொர்பான்" என்று ஒரு வார்த்தை வரும். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் போதும், அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் விட்டிருந்தார்கள். இயேசு அவர்களிடம், நீங்கள் உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். காணிக்கைக்கு எதிராகவா பேசினார்? இல்லை. அம்மாவின் பங்கை எடுத்துக் காணிக்கை போடாதே என்றார்.

நீ மேடையில் நின்றது காணிக்கைதான், அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த 4 இரவுக்கும் விலை கொடுத்தது யார்? உன் மனைவி, உன் அம்மா. அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இன்னும் கைப்பிடி அரிசி எடுக்கிறோம். உலை வைக்கும்போது ஒரு பிடி சபைக்கு என்று தனியாக ஒரு டப்பாவில் போடுவது. என் மாமியார் சொல்லிக் கொடுத்த முறை, வீட்டில் எத்தனை பேருக்கு என்று முதலில் அளந்து, அதன் பிறகு பிடி எடுக்க வேண்டும். பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது.

பழைய கீர்த்தனை | திங்கள் காலை 6.05

எல்லைக்கல் தம்பிக்கு. உன் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் மறுபக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

தாவீது களத்தை இலவசமாக வாங்க மறுத்த இடம் 2 சாமுவேல் 24-ல் இருக்கிறது. விலைக்கிரயம் கொடுக்காமல் என் தேவனுக்குப் பலி செலுத்தமாட்டேன் என்றான். இன்றைக்குச் சபையில் எல்லாரும் தங்களுக்கு வசதியான நேரத்தில், வசதியான அளவில் ஊழியம் செய்யத் தேடுகிறார்கள். க்வயருக்கு வரச் சொன்னால் டியூஷன். ஞாயிறு பள்ளிக்கு ஆள் கேட்டால் மௌனம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொல்கிறேன்.

மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மைலாடிக்கு வந்து, 10 வருடம் இந்த வெயிலில் உடம்பைக் கரைத்தார். கிடைத்த சம்பளத்தையும் சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்தவர். களைப்பாக இருக்கிறது என்று அவர் நின்றிருந்தால் தெற்குத் திருவிதாங்கூரில் நம் சபைகளின் கதையே வேறு. களைப்பு வரும். களைப்பே அழைப்பு முடிந்ததற்கு அடையாளம் ஆகாது.

கணக்கப்பிள்ளை | திங்கள் காலை 8.30

ஐயா சொன்ன வரலாற்றிலேயே அடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது. 1816-ல் உடம்பு முடியாமல் ரிங்கல்தௌபே கிளம்பினார். அப்போது சபைகள் கலைந்துபோகவில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் வேதமாணிக்கம். மைலாடிக்காரர், மிஷனரியை முதலில் அழைத்தவரே அவர்தான். அடுத்த மிஷனரி மீட் வந்து சேரும்வரை அவர் கையில்தான் இருந்தது. ரிங்கல்தௌபேயின் தியாகம் பலன் கொடுத்ததற்கு ஒரு காரணம், அதை வாங்கிக்கொள்ள இன்னொரு கை தயாராக இருந்தது.

எல்லைக்கல்லுக்கு என் கேள்வி: 11 வருடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் யாரையாவது நிறுத்திப் பழக்கினீர்களா? கமிட்டி அப்படி யாரையாவது கேட்டதா?

நான் சபைக் கணக்குப் பார்க்கிறவன். மேடையில் ஏறினதில்லை. அதனாலேயே அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எனக்காகவே எழுதியதுபோல வாசிப்பேன். அங்கே என்ன பிரச்சினை? பந்தி விசாரிப்பு, அதாவது சாப்பாட்டுப் பங்கீடு. ஆனால் அதன் அடியில் இருந்தது மொழி. கிரேக்கு பேசுகிறவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபடுகிறார்கள் என்று எபிரெயர்மேல் முறுமுறுப்பு. இரண்டு மொழி, ஒரே சபை, விடுபட்ட வயதான பெண்கள். நம் எல்லை ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நாங்களே இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டு இதையும் பார்க்கிறோம் என்று சொல்லவில்லை. 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். எந்தப் பக்கம் குறை சொன்னதோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு வசனம் விருத்தியடைந்தது என்று 7-ஆம் வசனம் சொல்கிறது. சாப்பாடு பரிமாற ஆள் வைத்ததில் பிரசங்கம் குறையவில்லை.

கொழிஞ்சாம்பாறை | திங்கள் காலை 11.20

பாலக்காட்டுப் பக்கம், சித்தூர் தாலுகா. எங்களுக்கும் இதே இரண்டு மொழிதான். நாங்கள் 3 பேர் மாதம் மாற்றிச் செய்கிறோம். ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார், வார்த்தை தடுக்கினால் எடுத்துக் கொடுக்க. இது எங்கள் புத்தியில் வந்ததல்ல. பெரிய மாநாடுகளில் பேசப் பேசவே மொழிபெயர்க்கிறவர்கள் 20 - 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் மூளை பிழை விடும். சம்பளத்துக்குச் செய்கிறவர்களுக்கே அப்படி என்றால், 3 மணிக்கு எழுந்து மரம் வெட்டிவிட்டு வருகிறவரை ஒரு மணி நேரம் நிறுத்துவது சரியா?

இரவு டியூட்டி | திங்கள் மாலை 4.00

நான் நர்ஸ். கல்ஃபில் 19 வருடம், இப்போது ஊரில். மற்றவர்கள் வசனம் பேசட்டும், நான் புண்ணைப் பற்றிப் பேசுகிறேன். அது இன்றைக்கே கவனிக்க வேண்டியது.

தம்பி, அம்மாவை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மல்லாக்க. சாய்த்துப் படுக்க வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு துணிச்சுருள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, நல்லது என்று நினைத்துப் பலர் செய்வது அதுதான். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஈரம் கூடாது. முட்டை, மீன், பயறு கொடுங்கள், புண் ஆறச் சத்து வேண்டும். புண் ஆழமாக இருந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ டாக்டரைக் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

நீங்கள் இருப்பது கேரளப் பக்கம். உங்கள் பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் நர்ஸ் (படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைக் கவனிக்கிறவர்) இருப்பார். வீட்டுக்கே வந்து பார்ப்பார், கட்டு மாற்றுவார், உங்கள் மனைவிக்குச் சொல்லிக் கொடுப்பார். 1993-ல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய வேலை அது. 2008-ல் மாநில அரசே அதற்குக் கொள்கை வகுத்தது. அந்த இயக்கம் நடப்பதே அக்கம்பக்கத்துத் தொண்டர்களால்தான். டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், ரிட்டயர்டு வாத்தியார் என்று வாரத்தில் 2 மணி நேரம் கொடுக்கிறவர்கள். நாளைக்கே போய்ப் பெயர் பதியுங்கள்.

இப்போது ஒரு வசனம் நானும் சொல்கிறேன். ரோமர் 12:8-ல் வரப் பட்டியலின் கடைசியில், "இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன்" என்று இருக்கிறது. பிரசங்கம், போதனை இருக்கிற அதே பட்டியல். உங்கள் சபையில் நூறு வீடாவது இருக்கும் அல்லவா? அந்த 4 இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒரு அக்கா வந்து உங்கள் மனைவியோடு அம்மாவின் இடுப்பைப் பிடித்துப் புரட்டியிருந்தால் புண் வந்திருக்காது. மேடையில் இருந்த வரம் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நூறு வீட்டில் தூங்குகிற இரக்கத்தின் வரத்தை யார் எழுப்பினார்கள்? உங்களைத் தாலந்து பற்றிக் கேட்ட மூத்தவரிடம் இதையும் யாராவது கேட்க வேண்டும்.

எல்லைக்கல் | திங்கள் இரவு 9.10

நர்ஸ் அக்கா, இன்றைக்கே பெயர் பதிந்துவிட்டேன். புதன்கிழமை வருகிறார்கள். தேய்த்துவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியாது, தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கப்பிள்ளை கேட்டதற்குப் பதில்: இல்லை, யாரையும் பழக்கவில்லை. ஆள் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேதவார்த்தை தப்பாகப் போய்விடக் கூடாது என்ற பயமும் உண்டு. மலையாளமும் தமிழும் பக்கத்து வீடுபோல இருப்பதால்தான் ஆபத்து. மலையாளத்தில் "அவகாசிகள்" என்றால் சுதந்தரவாளிகள், அதாவது வாரிசுகள். தமிழில் அவகாசம் என்றால் நேரம். "சம்சாரிச்சு" என்றால் பேசினார், தமிழில் சம்சாரம் மனைவி. "பிரத்யாசை" என்றால் நம்பிக்கை. "கல்பனை" மட்டும் வேறு விதம்: நம் பழைய வேதாகமத்திலும் கற்பனை என்றால் கட்டளைதான், ஆனால் இப்போதைய தமிழ்ப் பிள்ளைக்கு அது மனதில் தோன்றுகிற கற்பனை. தெரியாமல் நின்றால் உபதேசமே மாறிவிடும்.

பின்பெஞ்சு | திங்கள் இரவு 11.50

அண்ணா, நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை. நான் உங்கள் சபைதான்.

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருந்தது. நீங்கள் மேடையில் மலையாள வசனம் வந்ததும் அதையே தமிழில் சொல்வீர்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாட்டியின் வேதாகமத்தில் எழுத்தைப் பொருத்திப் பார்த்துப் படித்தேன். இப்போது தமிழ் எழுதுகிறேன் என்றால் உங்களால்தான். அதை ஒருநாளும் உங்களிடம் சொன்னதில்லை.

4 வருடத்துக்கு முன்பு உங்களுக்குக் காய்ச்சல். அச்சன் என்னை நிற்கச் சொன்னார். அவர், "தெய்வம் எனிக்கு ஒரு அவசரம் தந்நு" என்றார். நான், "தேவன் எனக்கு ஒரு அவசரத்தைத் தந்தார்" என்று சொல்லிவிட்டேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு என்று எனக்குத் தெரியும், பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. பின்னால் சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரம் நீங்கள் வந்துவிட்டீர்கள். உடம்பு முழுதாகச் சரியாகவில்லை, இருமிக்கொண்டே நின்றீர்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் இருமிக்கொண்டு நின்றதை எல்லாரும் தியாகம் என்று பேசினார்கள். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து, இன்னொரு வாரம் என்னை நிற்க விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை அண்ணா. ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

நெடுவிளை அக்கா | செவ்வாய் காலை 5.45

மோனே, இதை எழுத உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

எல்லைக்கல் | செவ்வாய் மதியம் 1.30

பால்வெட்டுக்கு நடுவில் போனில் வாசித்தேன். மீதி மரம் எல்லாம் இதையே நினைத்துக்கொண்டுதான் வெட்டினேன்.

தம்பி, அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சலோடு ஏன் வந்தேன் என்றால், சபைக்குப் பிழையான வார்த்தை போகக் கூடாது என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்த இடம் என் இடம் என்று ஆகியிருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாட்டிமார் கையைப் பிடித்து, "உன் வாயால்தான் மோனே எங்களுக்கு வசனம் விளங்குது" என்பார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதாமல் என் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது என்று தோன்றியது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரிலும் கேட்பேன்.

நகரி ரோடு | செவ்வாய் மாலை 6.20

ஆந்திர எல்லையிலிருந்து. எங்களுக்குத் தெலுங்கும் தமிழும். ஒரு சின்னத் திருத்தம் மட்டும், எங்கள் பக்கத்தில் இதைக் குழப்பிக்கொள்வார்கள் என்பதால்: 1 கொரிந்தியர் 12-லும் 14-லும் வருகிற "பாஷைகளை வியாக்கியானம்பண்ணுதல்" அந்நியபாஷைக்குச் (படிக்காமல் ஆவியின் ஏவுதலால் பேசுகிற பாஷைக்கு) சொல்லப்பட்டது. எல்லைக்கல் செய்வது படித்துப் பழகி வருகிற மொழிபெயர்ப்பு. அது குறைந்தது என்று சொல்லவில்லை. 12:28-ல் "உதவிகளையும், ஆளுகைகளையும்" என்று ஒரு இடம் இருக்கிறதே, அந்த "உதவி" என்ற வார்த்தைக்குள் இதைத் தாராளமாக வைக்கலாம். யாத்திராகமம் 31-ல் பெசலெயேலை ஆவியினால் நிரப்பினேன் என்கிறார் கர்த்தர். எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்ய, கல் வெட்ட, மரம் செதுக்க. கைவேலை. கூடவே அகோலியாபையும் துணையாகக் கொடுத்தார். தனியாக விடவில்லை.

கணக்கப்பிள்ளை | செவ்வாய் இரவு 8.45

எல்லைக்கல்லிடம் ஒரு மொழிபெயர்ப்புக் கேள்வி. 1 பேதுரு 4:10 மலையாளத்தில் எப்படி வரும்? தமிழில், வரங்களைப் பகிர்ந்துகொடுக்கும் "உக்கிராணக்காரர்போல" என்று இருக்கிறது.

எல்லைக்கல் | செவ்வாய் இரவு 9.30

மலையாளத்தில் "நல்ல கிருஹவிசாரகன்மாராயி" என்று வரும். வீட்டை விசாரிக்கிறவன், வீட்டுக் காரியம் பார்க்கிறவன். எனக்கு இரண்டில் தமிழ் வார்த்தை ரொம்பப் பிடிக்கும். உக்கிராணம் என்றால் சாமான் அறை. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் கலவறை என்போம்.

என் தகப்பனாருக்கு ஊரில் அதுதான் வேலை. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் கலவறைச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய் எல்லாம் அவர் அளந்து கொடுக்க வேண்டும். ஒன்றும் அவருடையதில்லை, எல்லாம் கல்யாணக்காரருடையது. பிடித்து வைத்தால் பந்தி நின்றுவிடும். வாரிக் கொடுத்தால் கடைசிப் பந்திக்கு இருக்காது. அவர் சாப்பிடுவது எப்போதும் கடைசிப் பந்தியில்தான்.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ராத்திரி 2 மணிக்குத் தேங்காய் திருவி, கறிக்கு வெட்டி எல்லாம் நடக்கும்போது அவர் ஒரு மணி நேரம் கண்ணயர வீட்டுக்கு வருவார். வருமுன் சாவியை அவிழ்த்து இன்னொருவர் கையில் கொடுத்து, எந்தச் சாக்கில் என்ன இருக்கிறது, எது எத்தனை பந்திக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். சாவியோடு வீட்டுக்கு வந்து படுத்ததே இல்லை. நான் 11 வருடமாகச் சாவியோடுதான் படுத்திருக்கிறேன்.

பழைய கீர்த்தனை | புதன் காலை 6.10

இரண்டு நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன். நான் முதலில் எழுதியதில் ஒன்றை மாற்றமாட்டேன்: விலை இல்லாத ஊழியம் ஊழியம் அல்ல. பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் என் கதையையும் சொல்ல வேண்டும். 26 வருடம் க்வயர் நடத்தினேன். நான்கு குரலுக்கும் நானே சுரம் எழுதுவேன், நானே ஆர்மோனியம், நானே தாளம். ஒரு பிராக்டிஸ் விட்டதில்லை, மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட. எல்லாரும் பாராட்டினார்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆகி நான் நின்றபோது, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்க ஒருவர் இல்லை. 3 வருடம் எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு க்வயர் பாடவில்லை. எனக்குப் பின் ஆளில்லை என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். சுரம் எழுதுவதை அந்த 26 வருடத்தில் ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதற்கும் விலை உண்டு. பிழையாகப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்த விலைதான் கொடுக்க முடியவில்லை.

தம்பி, புதைத்தவன் நீ இல்லை. உன் மூத்தவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இரவு டியூட்டி | புதன் மாலை 7.00

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. தம்பி, இன்று நர்ஸ் வந்தார்களா?

எல்லைக்கல் | 5 வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.20

பலர் தனியாகக் கேட்டதால் எழுதுகிறேன்.

நர்ஸ் அன்றைக்கே வந்தார். வாரம் இரண்டு முறை கட்டு மாற்றுகிறார்கள். புண்ணின் ஓரம் சிவந்து மூடி வருகிறது, ஆனால் மெதுவாகத்தான் ஆறும் என்கிறார். சபையில் 3 அக்காமார் முறை வைத்து வருகிறார்கள். ஒருவர் அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை) வேலை முடிந்து நேராக வருவார், கை எல்லாம் அண்டிக் கறை. "எனக்கு ஜெபிக்கக்கூட வராது, தூக்கத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அம்மாவை ஒரே பிடியில் புரட்டிப் போடுவார். அந்த நேரத்தில் என் மனைவி குளித்து, கொஞ்சம் தூங்குகிறாள்.

ஈஸ்டருக்குப் பிறகு நான் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும். மற்ற ஞாயிறுகளில் பின்பெஞ்சுத் தம்பியும், தமிழ் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு அக்காவும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து வார்த்தை தடுக்கினால் எடுத்துக் கொடுக்கிறேன், கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்னபடி. வியாழன்களில் எங்கள் வீட்டில் வைத்து இரண்டு வேதாகமத்தையும் திறந்து ஒரு மணி நேரம் பார்க்கிறோம். கமிட்டி மூத்தவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டு பாட்டிமார் "நீ சொன்னாதான் விளங்கும்" என்று குறைபட்டுக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்தில் நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம், 11 வருடத்துக்குப் பிறகு, ஒரு பிரசங்கத்தை முழுதாகக் காதால் மட்டும் கேட்டேன். அடுத்த வாக்கியத்துக்கு வார்த்தை தேடாமல்.

பின்பெஞ்சு | ஞாயிறு இரவு 10.05

அண்ணா, வரும் ஞாயிறு வருகிற அச்சன் "விஷமம்" என்ற வார்த்தையை அடிக்கடி சொல்வார். "தெய்வத்தினு வலிய விஷமம் உண்டாயி" என்று. தமிழில் விஷமம் என்றால் வேறு அர்த்தம் அல்லவா? துக்கம் என்று சொல்லட்டுமா, வேதனை என்று சொல்லட்டுமா?

எல்லைக்கல் | ஞாயிறு இரவு 10.20

அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று பார். பிள்ளைகள் விலகிப்போனதைப் பற்றி என்றால் "மனவேதனை". மரணத்தைப் பற்றி என்றால் "துக்கம்". இரண்டும் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னால் "வருத்தம்" போதும். நிச்சயம் இல்லை என்றால் அச்சனைப் பார்த்து மெதுவாகக் கேள், நிறுத்தித் திரும்பச் சொல்வார். நானும் முதல் 2 வருடம் அப்படிக் கேட்டுத்தான் நின்றேன்.

வியாழன் 7 மணிக்கு மேல் வா. அதற்குள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்திருப்போம்.